மழைக்காலத்தில் புதுச்சேரி, கடலூர் பக்கம் எம்டிபி (மலைச் சைக்கிள்) ஓட்டத் தடம் எங்கே கிடைக்கும்?

கேள்வியில் "நவம்பர் வந்தாலே சைக்கிள் மூலையில் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீடு பாகூர் அல்லது வில்லியனூர் பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள்தான் இப்படிப் புலம்புவார்கள். வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மண்ணைப் பாருங்கள். புதுச்சேரி, கடலூர் பக்கம் எங்கும் வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான், மண்தான் இடத்துக்கு இடம் வேறு.

ஒரு பிடி ஈர மண்ணை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா போல நீட்டுங்கள். இரண்டு செ.மீ. வருவதற்குள் உடைந்தால் மணல் கலந்த மண், ஓட்டலாம். ஐந்து செ.மீ. உடையாமல் தொங்கினால் களி, வீட்டுக்குத் திரும்புங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. தடத்தில் நின்று குதிகாலை அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் பதிந்தால் அன்றைக்கு அந்தத் தடம் வேண்டாம். உங்கள் டயர் போடும் பள்ளத்தில்தான் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும், பாதை ஓடையாகிவிடும்.

களிமண் ஏரிக்கரைகளில் நடப்பது இதுதான்: முதல் நூறு மீட்டரிலேயே டயருக்கும் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் கொழுக்கட்டை மாவு போல சேறு அடைத்துக்கொள்ளும். பின்னால் கியர் மாற்றும் டெரெய்லரில் புல்லும் சேறும் சேர்ந்து இறுகும். அதைக் கவனிக்காமல் அழுத்தி மிதித்தால், டெரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் ஒடியும். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பது பாகூர் களிமண்ணுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

அப்படியானால் எங்கே போவது? மேட்டுக்குப் போங்கள். புதுச்சேரிக்கு வடக்கே குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் வரை பரவிக் கிடக்கும் செம்மண் மேடு ஒன்று. கடலூரில் கேப்பர் மலை இன்னொன்று. மலை என்று பெயர்தான், உண்மையில் அதுவும் மேடுதான். இரண்டுமே கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் பாறை வகையைச் சேர்ந்தவை. மணலும் சரளையுமாக இருப்பதால் தண்ணீர் நிற்காது. ராத்திரி நான்கைந்து செ.மீ. பெய்து விடியலில் விட்டால், மதியத்துக்குள் பெரும்பாலான ஒத்தையடிப் பாதைகள் தயாராகிவிடும். மேலே மட்டும் மெல்லிய வழுக்கல் படலம் இருக்கும். வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்காமல், அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

மூன்றாவது இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கடலோரச் சவுக்குத் தோப்புகளும் பண்ருட்டிப் பக்க முந்திரிக் காடுகளும். மே மாதம் சக்கரம் புதையும் அதே மணல், மழை பெய்தால் இறுகிவிடும். மணல் துகள்களுக்கு நடுவிலுள்ள ஈரம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. மேலே சவுக்குச் சருகு மெத்தை வேறு. மழை ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் ஓட்டக்கூடிய தரை இங்கே அது ஒன்றுதான். முந்திரிச் சருகில் கண்ணாடி விரியன் கிடக்கும் என்பதால், சைக்கிளைத் தள்ளும்போது கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். தோப்புகளுக்கு உரிமையாளர் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள்.

போகக்கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பொம்மையார்பாளையம் செம்மண் பள்ளத்தின் விளிம்பு அடியில் அரித்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. மழைநீரைத் தேக்கக் கட்டிய மண் கரைகளின் குறுக்கே ஏற்றி இறக்காதீர்கள். ஒரு டயர் தடம் போதும், அடுத்த மழையில் கரை உடையும். தென்பெண்ணை ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். கடலூரில் வெயில் அடித்தாலும் சாத்தனூர் அணை திறந்தால் தண்ணீர் வந்துவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் அதுதான் நடந்தது.

"இவர் சைக்கிள் விற்க எழுதுகிறார்" என்று யாராவது கிளம்புவதற்கு முன்: புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பிரேக் பேடைத் தவிர. ஈரச் செம்மண் அரம் மாதிரி. ரெசின் பேடைச் சீக்கிரம் தின்றுவிடும், மெட்டாலிக் பேட் தாங்கும். 70 கிலோ ஆளுக்கு 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில் 22 முதல் 24 பிஎஸ்ஐ காற்றழுத்தம் சரியாக இருக்கும். டியூப் என்றால் 28க்குக் கீழே இறக்காதீர்கள், முந்திரி வேரில் மோதி இரட்டை ஓட்டை விழும். வெள்ளம் சீமைக்கருவேல முள்ளையெல்லாம் தடத்தில் கொண்டுவந்து போட்டிருக்கும். டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் காய்ந்துவிட்டதா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: தடத்தைக் கெடுப்பது சைக்கிள்காரர்கள் என்பவர்கள், ராத்திரியில் செம்மண் அள்ளும் லாரிகளைப் பற்றி ஏன் வாயைத் திறப்பதில்லை? போன வருடத் தடம் இந்த வருடம் இருபதடிக் குழியாக இருந்தால் அதற்கு டயர் காரணமில்லை.

திரும்பி வந்ததும் வாட்டர் சர்வீஸில் விட்டுவிடாதீர்கள். அந்த அழுத்தம் சக்கர நடுவிலுள்ள ஹப், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பேரிங்குகளுக்குள் மண்ணோடு தண்ணீரை ஏற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். செயினைத் துடைத்து, காயவிட்டு, மழைக்கான கெட்டி ஆயிலை ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். பிறகு சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டை உருவிவிட்டு ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அரை டம்ளர் செந்தண்ணீர் கொட்டும்.