கோடு போடுவதில் தொடங்கி கோப்பை வரை: கல்லூரி சாஃப்ட்பால் கேள்வி பதில்

கேள்வி: பெண்கள் கல்லூரிகளுக்கு இடையிலான சாஃப்ட்பால் போட்டியைப் பொங்கல் முடிந்ததும் எங்கள் கல்லூரியில் நடத்துகிறோம். இருப்பது கால்பந்து மைதானம்தான். ஆடுகளத்தைப் பிழையில்லாமல் எப்படிப் போடுவது? – உடற்கல்வி ஆசிரியை, காட்பாடி

பதில்: சாஃப்ட்பால் பேஸ்பால் குடும்பத்து ஆட்டம்: பிட்சர் எறியும் பந்தை, ஹோம் பிளேட் என்னும் ஐங்கோணத் தகட்டருகே நிற்கும் பேட்டர் அடித்துவிட்டு, மூன்று பேஸ்களையும் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். டேப்பை எடுக்கும் முன் திசையைப் பாருங்கள். ஹோம் பிளேட்டைத் தெற்கே வைத்து, பேட்டர் வடக்கைப் பார்த்து நிற்கும்படி அமையுங்கள். காலை ஆட்டத்தில் வெயில் பேட்டரின் கண்ணிலும் அடிக்காது, பிட்சரின் கண்ணிலும் நேராக அடிக்காது. இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. கிழக்கே அமையும் முதல் பேஸில் நிற்பவர் மூன்றாம் பேஸிலிருந்து வரும் எறிதலுக்காக மேற்கே பார்க்க வேண்டும். மாலை நாலரைக்கு மேல் பந்து அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இறுதி ஆட்டத்தை மாலைக்குத் தள்ளாதீர்கள்.

அளவுக்கு இரும்பு டேப் வேண்டும். துணி டேப் இழுத்தால் நீளும், காற்றில் தொய்யும். ஹோம் பிளேட்டின் கூர்முனையில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து நேர் வடக்கே 84 அடி 10¼ அங்குலத்தில் இன்னொரு முளை அடியுங்கள். அதுதான் இரண்டாம் பேஸின் மையம். இப்போது டேப்பின் தொடக்கத்தை ஹோம் முளையிலும் 120 அடிக் குறியை இரண்டாம் பேஸ் முளையிலும் பிடித்துக்கொண்டு, 60 அடிக் குறியை வலப்பக்கம் விறைப்பாக இழுங்கள். அது நிற்கும் இடம் முதல் பேஸின் வெளி மூலை. இடப்பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ். இந்த இரண்டு பேஸ்களின் பையும் கோட்டுக்கு உள்ளேதான் கிடக்க வேண்டும்; கோட்டின் நடுவில் வைப்பது தவறு.

அதிகம் தவறு நடக்கும் இடம், பிட்சர் கால் வைத்து எறியும் பலகை. பெண்களுக்கு 43 அடி, ஆண்களுக்கு 46 அடி. இதை ஹோம் பிளேட்டின் கூர்முனையிலிருந்து பலகையின் முன் விளிம்பு வரை அளக்க வேண்டும். பலர் ஹோம் பிளேட்டின் முன் விளிம்பிலிருந்து அளந்துவிடுகிறார்கள். பிளேட்டின் ஆழம் 17 அங்குலம் என்பதால் பிட்சர் அத்தனை தூரம் பின்னால் போய்விடுகிறார். 43 அடிக்குப் பழகிய கைக்கு இது பெரிய மாற்றம். பந்து தாழ்ந்து விழும், வாக் (நான்கு பந்து தவறினால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) மேல் வாக் போகும், பாவம் அந்தப் பெண்ணின் மேல்தான் பழி விழும். சரிபார்க்க எளிய வழி ஒன்று: முதல் பேஸ் முளைக்கும் மூன்றாம் பேஸ் முளைக்கும் கயிறு கட்டுங்கள். பெண்கள் ஆட்டத்தில் பலகையின் முன் விளிம்பு அந்தக் கயிற்றுக்குச் சுமார் 7 அங்குலம் பின்னால் இருந்தால் அளவு சரி. அந்த விளிம்பின் நடுவை மையமாக வைத்து 8 அடி ஆரத்தில் வட்டம் போடுங்கள்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். சறுக்கி விழும்போது கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். கல் அரைத்த கோலமாவு போதும். நம் பக்கத்துச் செம்மண் தரை கெட்டி. முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து, பேஸ்களைச் சுற்றிக் கல் பொறுக்கிவிடுங்கள். காலையில் தெளித்தால் பந்து ஈரம் குடித்துக் கனக்கும்.

கேள்வி: எட்டு அணிகள், ஒரே மைதானம், இரண்டு நாள். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்ற முறையில் நடத்த முடியுமா? – ஆற்காடு வாசகர்

பதில்: முடியாது. கணக்கைப் பாருங்கள். சாம்பியனைத் தவிர ஏழு அணிகள் தலா இரண்டு முறை தோற்க வேண்டும். அதற்கே 14 ஆட்டம். சாம்பியனும் ஒருமுறை தோற்றிருந்தால் 15. இரு அணிகளும் தலா மூன்று அவுட் வரை ஒருமுறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். மதிய வெயிலில் இடைவெளி விட்டால் நாளுக்கு நாலு ஆட்டம்தான் நடக்கும். நான்கு நாள் கிடைத்தால் அந்த முறையே நியாயமானது. வாணியம்பாடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வரும் அணி ஒரு மோசமான இன்னிங்ஸோடு வீடு திரும்பாது. இரண்டே நாள் என்றால் நாக் அவுட்தான். ஏழு ஆட்டம், மூன்றாம் இடத்துக்கும் வைத்தால் எட்டு.

எந்த முறையானாலும், ரன் வித்தியாசத்தில் ஆட்டம் எப்போது முடியும் என்பதை யார் யாரோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்கும் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சர்வதேச விதியில் ஐந்து இன்னிங்ஸுக்குப் பின் 7 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் முடிந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் அது 8 ரன். சமநிலை ஆனால் எட்டாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரை நிறுத்தித் தொடங்குவதையும் அதில் சேருங்கள். அந்த ரன்னர், அந்த இன்னிங்ஸில் முதலில் பேட் செய்யப்போகிறவருக்கு வரிசையில் முந்தைய ஆள். பயிற்சியாளர் விரும்பும் வேகமான ஆள் அல்ல.

கேள்வி: லீக்கில் மூன்று அணிகள் தலா ஒரு வெற்றியோடு நின்றால்? – குடியாத்தம் வாசகி

பதில்: ஒருவரையொருவர் வென்றதை வைத்துப் பிரிக்க முடியாதபோது, எடுத்த ரன்னைப் பேட் செய்த இன்னிங்ஸால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த ரன்னைப் ஃபீல்டிங் செய்த இன்னிங்ஸால் வகுத்து வருவதைக் கழியுங்கள். ஓர் அணி 13 இன்னிங்ஸில் 9 ரன் எடுத்து, 14 இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்திருந்தால் 0.692 – 0.500 = 0.192. வெறும் ரன் வித்தியாசம் ஏன் கூடாது? இரண்டாவதாகப் பேட் செய்யும் அணி முன்னிலையில் இருந்தால் ஏழாவது இன்னிங்ஸ் பேட் செய்யாது. அதற்கு ரன் சேர்க்க வாய்ப்பே குறைவு. ஒவ்வொரு அவுட்டும் மூன்றில் ஒரு இன்னிங்ஸ் என்பதால் ஸ்கோரர் அவுட்டுகளைத் தவறாமல் குறிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பெண்கள் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள். பேஸில் ரன்னராக நிற்கும்போது நடுவர் அடிக்கடி அவுட் கொடுக்கிறார். ஏன்?

பதில்: பந்து பிட்சரின் கையை விட்டுப் போகும்வரை கால் பேஸில் ஒட்டியிருக்க வேண்டும். முன்பே கிளம்பினால் ரன்னர் அவுட், அந்தப் பந்தும் கணக்கில் இல்லை. இடது கால் பேஸ் விளிம்பில், கண் பிட்சரின் இடுப்பருகில்; கை அங்கே வந்து பந்து விடுபடும் கணத்தில் புறப்படப் பழக்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் தங்கை மகள் ‘கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப்’ என்கிறாள். நம் ஊர்ப் போட்டி மாதிரியா? – இராணிப்பேட்டை வாசகர்

பதில்: வெளிப்பார்வைக்கு ஒன்று, பலனில் வேறு. அங்கே கான்ஃபரன்ஸ் என்பது சேர்ந்து ஆடும் கல்லூரிகளின் குழு. முதல் பிரிவில் கான்ஃபரன்ஸ் போட்டியை வெல்லும் கல்லூரி, 64 அணிகள் ஆடும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) தேசியப் போட்டிக்கு நேராகப் போகும். கடைசி எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டியில் மோதும். வென்ற அணி அப்படியே மேலே போகிறது.

இங்கே சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்றவற்றின் இணைப்புக் கல்லூரிகள் மோதும்போது கோப்பை கல்லூரிக்குக் கிடைக்கும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போவதோ பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கிய பல்கலைக்கழக அணி. முதல் சுற்றிலேயே தோற்ற கல்லூரியின் நல்ல பிட்சரும் அதில் இடம் பிடிக்கலாம். அதனால் தேர்வாளர்களை முதல் ஆட்டத்திலிருந்தே உட்கார வையுங்கள்; அரையிறுதிக்கு வந்து பார்ப்பவர் பாதித் திறமையைத் தவறவிடுவார்.

கேள்வி: ஓர் அணிக்கு எத்தனை ஹெல்மெட் வேண்டும்?

பதில்: ஆறு. பேட்டர், அடுத்து ஆட நிற்பவர், மூன்று பேஸிலும் ரன்னர்கள் என ஐந்து. பட்டை அறுந்தால் மாற்ற ஒன்று. பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சருக்கு முகக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம் தனி.