பூனைக்குப் பூண்டுச் சாறு கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பூனைக்கு நாலு வயது, எடை 4 கிலோ. வாலடியில் அரிசி மணி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பூச்சி என்றார்கள். "மருந்தெல்லாம் எதற்கு, பூண்டை நசுக்கிச் சாறு கொடு, மூலிகை கெடுதல் செய்யாது" என்கிறார் வீட்டுப் பெரியவர். கொடுக்கலாமா? நாங்கள் சமைக்கும் கோழியில் ஒரு துண்டை மசாலா போகக் கழுவித் தினமும் வைக்கிறேன். அது சரிதானா?

பதில்: பூண்டுச் சாறு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

பெரியவர் அக்கறையில்தான் சொல்கிறார். நமக்கு ஒத்துக்கொள்வது பூனைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பூனையின் ரத்தமே வேறு மாதிரி. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜனேற்றத்தால் எளிதில் பாதிக்கப்படும் கந்தக இடங்கள் மனிதருக்கு 2, நாய்க்கு 4, பூனைக்கு 8. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் அங்கேதான் போய்த் தாக்குகின்றன. சிவப்பணுக்கள் சிதைந்து ரத்த சோகை வருகிறது. பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், ரத்தத்தில் மாற்றம் தெரிய. உங்கள் பூனைக்குக் கணக்குப் போட்டால் 20 கிராம். நடுத்தர வெங்காயத்தில் கால் பங்குகூட வராது. பூண்டு அதைவிடக் காரமான நஞ்சு. வேகவைத்தாலும் காயவைத்தாலும் பொடித்தாலும் இந்த வீரியம் போவதில்லை. பொடியில் செறிவு இன்னும் அதிகம்.

கழுவிய கோழித் துண்டிலும் இதே சிக்கல்தான். வெங்காயமும் பூண்டும் வெந்து கரைந்து கறிக்குள்ளேயே இறங்கியிருக்கும். மேலே ஒட்டியதைத்தான் தண்ணீர் எடுக்கும். ஒரு நாள் ஒரு துண்டு என்றால் ஒன்றும் தெரியாமல் போகலாம். தினமும் என்றால் சிறுகச் சிறுகச் சேதம் சேரும்.

இது உடனே வெளியே தெரியாது என்பதுதான் எனக்குப் பயம். ஒரு பூனையைச் "சோர்ந்து படுத்தே கிடக்கிறது" என்று தூக்கி வந்தார்கள். மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போயிருக்கிறது. துருவித் துருவிக் கேட்டபிறகுதான், சாப்பிடாத பூனைக்குத் தெம்பு வரட்டும் என்று நாலைந்து நாள் முன்பு வெங்காயம் போட்ட சூப்பை ஊட்டியது நினைவுக்கு வந்தது. அன்போடு ஊட்டியதுதான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, பூச்சிக்கு என்ன செய்வது? நீங்கள் சொல்லும் அடையாளம் நாடாப்புழுவின் துண்டுகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிராசிகுவான்டெல் என்ற மருந்து இதற்கு நன்றாகக் கேட்கும். எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் பெரும்பாலும் இந்தப் புழு வருகிறது. ஆகவே தெள்ளையும் ஒழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சில வாரங்களில் மறுபடி அரிசி மணி தெரியும். தெள்ளு மருந்து வாங்கும்போது பூனைக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு வலிப்பு வரவைத்து உயிரையே எடுத்துவிடும்.

மற்ற மூலிகைகளுக்கு வருவோம். பல பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றும் வேலையை நம் கல்லீரல் சுலபமாகச் செய்யும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நமக்குச் சாதாரணமான ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வது இதனால்தான். ஆஸ்பிரின் மாதிரியான பொருள் இயற்கையாகவே இருக்கும் வில்லோ மரப்பட்டை, கிராம்பு எண்ணெய், தேயிலை மர எண்ணெய் எல்லாம் ஆபத்தாவதும் இதே வகையில்தான். எண்ணெயை வாயில் ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை. ரோமத்தில் தடவினால் நக்கியே உள்ளே இறக்கிவிடும். கஷாயம் எதுவானாலும் பலவந்தமாக வாயில் ஊற்றாதீர்கள். கசப்புப் பட்டதும் நுரை தள்ளித் திமிறும், திரவம் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

பூனை ஆசைப்படுகிறதே என்பதும் கெடுதல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு, அதன் வேர் பூனையை அப்படி இழுக்கும். ஆனால் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள மனிதர்களுக்கு, அந்தச் செடியை உண்டபின் சிவப்பணுக்கள் சிதைந்தது பதிவாகியிருக்கிறது. நான் அதைப் பூனைக்குக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். புதினா குடும்பத்தைச் சேர்ந்த கேட்னிப் பரவாயில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள் அதில் புரண்டு மகிழும், மற்றவை சும்மா பார்த்துவிட்டுப் போகும். மருந்து அடிக்காமல் வீட்டில் முளைக்கவைத்த கோதுமை, ஓட்ஸ் புல்லையும் கடிக்க விடலாம். பூச்சாடி வைத்தால் மட்டும் லில்லி வேண்டாம். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும், சாடித் தண்ணீரும் ஆபத்து.

உங்கள் பூனைக்குக் கோழி பிடிக்கும் என்றால், மசாலா சேர்ப்பதற்கு முன்பே ஒரு துண்டைத் தனியாக எடுத்து, உப்புக்கூடப் போடாமல் வேகவைத்து, எலும்பை நீக்கிப் பிய்த்து வையுங்கள். வெந்த முட்டையும் வெந்த மீனும் இதே மாதிரி கொஞ்சம் தரலாம். தீனியின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் கோழி முழுச் சாப்பாடு ஆகாது. 1987இல் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும், தீனியில் டாரின் என்ற அமினோ அமிலம் போதாவிட்டால் பூனையின் இதயம் பலவீனமாகி விரிவடைவதைக் கண்டுபிடித்தார்கள். கறியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரினும் அதோடு போய்விடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பச்சை மீனையே வழக்கமாக்கினால் தயமின் என்ற வைட்டமின் பி1 குறையலாம். சாக்லேட், திராட்சை, மது பக்கமே விடாதீர்கள்.

கூடாததைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீரோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், இரைப்பை புண்ணாகிவிடும். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு, பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். இவ்வளவு நாள் கழுவிய கோழி தின்ற பூனை என்பதால், பூச்சி மருந்துக்குப் போகும்போதே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். இன்றே உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்தோ, மஞ்சளாகவோ, பழுப்பாகவோ இருந்தால் நாளை வரை வைத்திருக்க வேண்டாம்.