குடம், கலசம், ஜாடி: கேட்டதும் சொன்னதும்

தருமபுரியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடம், கலசம், பூச்சாடி பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சில.

காவேரிப்பட்டணம், அச்சக டிசைனர்: கல்யாணப் பத்திரிகையில் கலசத்துக்குப் பதில் பூச்சாடி போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. சாடியில் பூவை வெளியிலிருந்து கொண்டுவந்து செருகுகிறோம். கலசத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரே தழைத்து வருவதாகக் கணக்கு. சாஞ்சி, அமராவதிச் சிற்பங்களில் பூரண கும்பத்தின் வாயிலிருந்து தாமரை பொங்கி இரண்டு பக்கமும் வழியும். நம் வீட்டில் மாவிலையும் தேங்காயும் அந்த வேலையைச் செய்கின்றன. வரையும்போது இலை நுனி வெளிப்பக்கம் சாயட்டும், குடுமி மேலே பார்க்கட்டும். கணினியில் எடுக்கும் ரெடிமேட் படங்கள் பலவற்றில் தேங்காய் இலையைத் தொடாமல் அந்தரத்தில் மிதக்கிறது. அதைப் பார்த்தால் நானே பத்திரிகையைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஓசூர்: ஆளுயரச் சீன ஜாடி வாங்கினோம். காலியாக வைக்கக் கூடாது என்கிறார் மாமியார்.

வெறுங்குடம் எதிரே வந்தால் ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர், அப்படித்தான் சொல்வார். சீன மொழியில் ஜாடிக்கான சொல்லும் அமைதிக்கான சொல்லும் ‘பிங்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் ஜாடி இருந்தாலே அங்கே மங்கலம். காய்ந்த நாணல் பூ நாலு செருகிவிடுங்கள், வீட்டிலும் அமைதி.

அரூர்: எங்கள் ஊர் நடுகல்லில் வீரன் காலடியில் சின்னக் குடம் மாதிரி ஒன்று. என்ன அது?

கெண்டியாக இருக்கும், மூக்கு வைத்த சின்னப் பாத்திரம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், மூக்கு தெரியும். பக்கத்தில் சிமிழும் இருக்கலாம். நடுகல்லுக்குக் கள் படைக்கும் வழக்கத்தோடு சேர்த்துத்தான் நான் அதைப் பார்க்கிறேன். நம் தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது புறநானூறு 232. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் ‘சிறுகலத்தில்’ ஊற்றுகிறார்கள். உயர்ந்த மலை கொண்ட நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்கிறார். எவ்வளவு பெரிய ஆள், எவ்வளவு சின்னப் பாத்திரம்! வகுப்பில் இந்த இடம் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பென்னாகரம், மாணவி: கிரேக்க ஜாடிகளில் கறுப்பும் சிவப்பும் இரண்டு சாயமா?

சாயமே இல்லை அம்மா, சூளைக் காற்றின் வேலை. நைசாகக் கரைத்த மண்குழம்பால் தீட்டிவிட்டு, சூளையில் முதலில் காற்று விட்டு, அப்புறம் அடைத்து, மறுபடி விடுவார்கள். குழம்பு பூசிய இடம் கறுப்பாகவே நின்றுவிடும், மற்றது சிவப்புக்குத் திரும்பும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளிலும் காற்றுதான் ஓவியர். பானையைக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்துவிடும்.

ஒருவர், ஊர் குறிப்பிடவில்லை: கல்யாணத்தில் கும்பிடும் குடத்தைச் சாவில் ஏன் உடைக்கிறோம்?

குடம் உடல், தண்ணீர் உயிர். அதனால்தான் சுற்றுக்கு ஒரு துளை போட்டு ஒழுகவிடுகிறார்கள்.

பாலக்கோடு: கோயில் சுவரில் குடத்திலிருந்து தூண் முளைக்கிறதே?

அதற்குக் கும்ப பஞ்சரம் என்று பெயர். விஜயநகரக் காலக் கோயில்களில் நிறைய உண்டு. அப்படியே தூணின் உச்சியையும் பாருங்கள்: உத்தரத்தைத் தாங்கும் போதிகை, அதன் கீழ்ப் பலகை, தாமரை இதழ், அதற்குக் கீழே உருண்டையாக இன்னொரு கும்பம்.