வீட்டு விளையில் நாட்டுத் தேனீக்கள் வர என்ன செய்யலாம்?

பத்து சென்ட் விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், நாட்டுத் தேனீக்கள் வர வேண்டுமென்றால் ஒரு பெட்டி வாங்கி வைத்தால் போதுமா, என்ன செடி நட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் ஊரில் தேனீ என்றால் பெட்டித் தேனீதான். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் நீங்கள் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் உங்கள் கையாலையை, அதாவது விளையின் ஓரத்து மண் சுவரைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் விளையின் தெற்கு ஓரத்தில் பழைய மண் கையாலை ஒன்று இருந்தது. மழைக்குச் சரிகிறது என்று இடித்துவிட்டு சிமெண்ட் மதில் எழுப்பினோம். அந்த மண்ணில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் இருந்தன. ஏதோ குளவி என்று நினைத்திருந்தேன். அவை நீலப்பட்டைத் தேனீயின் வளைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தத் தேனீ கூட்டமாக அடை கட்டுவதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென வளை தோண்டி முட்டையிடும். கத்தரிப் பூவில் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும். நீலப்பட்டைத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால் அது பொடியாக உதிரும். பெட்டித் தேனீயால் அப்படி அதிரவைக்க முடியாது. மதில் கட்டிய அடுத்த ஆண்டு எங்கள் கத்தரிச் செடிகளில் காலை நேரத்து ரீங்காரமே இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே வெயில் படும் ஒரு துண்டு மண்ணைக் கொத்தாமல், சருகு போட்டு மூடாமல் விடுங்கள். பட்டுப்போன கொம்பு ஒன்றையாவது வெட்டாமல் வையுங்கள். கருவண்டு என்று நாம் விரட்டும் தச்சத் தேனீ அதில்தான் துளையிட்டுக் குடியிருக்கும். பழைய சுவரில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீயின் வாசல். கொட்டாத இனம் அது. தேனுக்காகச் சுவரை உடைக்காதீர்கள். சில நூறு மீட்டர் தூரத்துக்குள்தான் அது இரை தேடும் என்பதால், உங்கள் விளையில் பூக்கும் ஒவ்வொரு செடியும் அதற்குப் பெரிய உதவி.

செடி என்று வந்தால், எந்த மாதத்தில் பூ இல்லை என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ரப்பர் மரம் இலை உதிர்ந்து துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை இலைக்காம்பிலேயே தேன் சுரக்கும். அப்போது எந்தத் தேனீக்கும் பஞ்சமில்லை. ஜூன் மழை தொடங்கியதும் பட்டினி. பெட்டி வைத்திருப்பவர்கள் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். மண்ணில் வாழும் தேனீக்கு யார் வைப்பது? அந்த மாதங்களுக்குத் தென்னம்பாளையும் வாழைப்பூவும் பெரிய துணை. எங்கள் பக்கத்து மட்டி வாழை நான்கு மூடு (குத்து) இருந்தாலே வித்தியாசம் தெரியும். துளசியைக் கதிர் கிள்ளாமல் பூக்க விடுங்கள். மழைக்குத் தானாக முளைக்கும் தும்பையை யாரும் நட வேண்டியதில்லை, பிடுங்காமல் இருந்தால் போதும். களைக்கொல்லியைத் தயவுசெய்து விளைக்குள் கொண்டுவராதீர்கள். கத்தரிக்குப் பூச்சிமருந்து தவிர்க்கவே முடியாதென்றால் வேப்பெண்ணெய்க் கரைசலை, தேனீக்கள் அடங்கிய அந்திப் பொழுதில், பூவில் படாமல் தெளியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி வைக்க ஆசை இருந்தால் மழைக்காலம் முடிந்து கார்த்திகை வாக்கில் வாங்குங்கள். ஆடியில் வாங்கினால் முதல் நாளிலிருந்தே பாகு வைக்க வேண்டியிருக்கும்.