முதன்முறையாகச் சொந்தமாக பேஸ் கிட்டார் வாங்கப் போகிறேன். நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? எந்தக் கம்பெனி நல்லது?

நண்பரின் கிட்டாரில் சில மாதங்கள் பழகியிருப்பதாகவும், 25 ஆயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "இடது மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கிறது, பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள்" என்று ஒரு வரி. இதுவரை பதில் எழுதியவர்கள் எல்லோரும் கம்பெனிப் பெயர்களை அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த வலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது பெரம்பூரில். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பேஸ் (பாட்டுக்கு அடியில் ஓடும் ஆழமான சுரங்களுக்கான கிட்டார்) வாசிக்கிறேன். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள், அவர்களோடு போட்டி போட நான் வரவில்லை. முப்பது வயதைத் தாண்டித் தொடங்கியவள், உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல், கைகள் சிறியவை. அந்த நிலையில் இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். நீங்கள் ஆறடி ஆள் என்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

நான் பழகியது ஆசிரியரின் 34 அங்குல கிட்டாரில். 34 அங்குலம் என்பது நட்டுக்கும் (கழுத்தின் தலைப் பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) பிரிட்ஜுக்கும் (உடலில் தந்தியைத் தாங்கும் பகுதி) இடையில் தந்தி அதிர்கிற நீளம். 1951-இல் லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த அளவு, இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதுதான் அளவு. எங்கள் சபையில் பாதிப் பாடல்கள் எஃப் மேஜர் சுருதியில் வரும். எஃப் என்றால் கை முதல் ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் தலைப் பக்கம் முதலாவது) விட்டு நகரவே நகராது. இரண்டாவது சரணத்தில் கட்டை விரலின் அடியில் வலி தொடங்கும், ஆராதனை முடியும்போது முழங்கை வரை ஏறியிருக்கும். ஆசிரியரிடம் சொன்னேன். "விரல் விரியும், பொறுத்துக்கொள்" என்றார். எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் சில வாரங்கள் தொடவே கூடாது என்றார்.

அந்த ஓய்வு நாட்களில் அம்மாவின் தையல் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். ஆசிரியரின் கிட்டாரில் முதல் ஃபிரெட் கம்பிக்கும் நான்காவது ஃபிரெட் கம்பிக்கும் இடையே 13 சென்டிமீட்டர். தந்தி நீளம் 30 அங்குலமாக இருந்தால் அதே தூரம் என்னவாகும் என்று கணக்குப் போட்டேன். 11.4 சென்டிமீட்டர். பிறகு என் இடது கையை மேசையில் வைத்து, வலிக்காத அளவுக்கு மட்டும் விரித்து, ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை டேப்பை வைத்தேன். என் விரிப்பு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்றது. இவ்வளவுதான் விஷயம். என் முயற்சியில் குறை இல்லை, பயிற்சியில் குறை இல்லை. மரத்தின் நீளம் என் கைக்குப் பொருந்தவில்லை. செருப்புக் கடையில் கால் நுழையாத செருப்பை யாராவது "நடக்க நடக்கக் கால் சுருங்கும்" என்று விற்பார்களா?

"30 அங்குலம் எல்லாம் விளையாட்டுச் சாமான், உண்மையான பேஸ் 34 தான்" என்று கீழே ஒருவராவது எழுதுவார். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பால் மெக்கார்ட்னியின் கையில் உலகம் பார்த்த அந்த வயலின் வடிவ ஹாஃப்னர், 30 அங்குலம். 34 அங்குலத்தை நிலைநிறுத்திய அதே ஃபெண்டர் நிறுவனம் 1966-இல் மஸ்டாங் பேஸை 30 அங்குலத்தில்தான் வெளியிட்டது. விளையாட்டுச் சாமான் என்றால் அவ்வளவு பேர் அவ்வளவு பாடல்களை அதில் பதிவு செய்திருக்க மாட்டார்கள்.

குறை இல்லை என்று சொல்லவில்லை. ஒரே தந்தியை 34-இலிருந்து 30 அங்குலத்துக்கு மாற்றினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், நான்கில் மிகத் தடித்ததான கீழ் 'ஈ' தந்தி தளர்ந்து தொங்குவது போல இருக்கும். கொஞ்சம் தடித்த தந்தி போட்டால் பெருமளவு சரியாகிவிடும். 30 அங்குலத்துக்கான ஷார்ட் ஸ்கேல் தந்திகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது, ஆன்லைனில் வரவழைத்து ஒரு செட் எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும். இவை இரண்டும் உண்மையான தொல்லைகள். மணிக்கட்டு வலியோடு ஒப்பிட்டால் எனக்கு இவை பெரிதில்லை.

வாங்கப் போன கதைக்கு வருகிறேன். துணைக்கு என் சித்தப்பா வந்தார். எண்பதுகளில் இருந்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்தவர். கடையின் பெயர் வேண்டாம். விற்பனையாளர் சுவரிலிருந்து பளபளப்பான ஐந்து தந்தி கிட்டார் ஒன்றை இறக்கிச் சித்தப்பாவின் மடியில் வைத்தார். உள்ளேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆக்டிவ் சர்க்யூட், அதற்கு 9 வோல்ட் பேட்டரி, நான்கைந்து குமிழ்கள். நான் 30 அங்குலத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். என் பக்கம் திரும்பாமலே, "அது சின்னப் பிள்ளைகளுக்கு, சார்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா கிட்டாரை அப்படியே என் மடிக்கு மாற்றிவிட்டு, "வாசிக்கப் போவது அவள், தம்பி. அவளிடம் பேசுங்கள்" என்றார். அதற்குப் பிறகும் அந்த விற்பனையாளர் என்னிடம் பேசவில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். பெண்கள் இந்த வாத்தியத்தை எடுத்தாலே தம்பிக்கு வாங்குகிறாயா, மகனுக்கா என்ற கேள்விதான் வருகிறது. மோகினி டே மாதிரி ஒரு பேஸ் கலைஞர் ஏ.ஆர். ரகுமானின் மேடைகளில் வாசித்து நாடே பார்த்த பிறகும் இந்த நிலைமை.

கடைசியில் கொளத்தூரில் ஒருவர் விற்ற பழைய 30 அங்குல கிட்டாரை வாங்கினேன். சித்தப்பா அதைச் சோதித்த விதத்தை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், புதிதோ பழையதோ நீங்களும் இதையே செய்யுங்கள். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகவே இல்லை. மடியில் வைத்து, கிட்டார் உடலின் மேல்பக்கம் கொம்பு போல நீண்டிருக்கும் பகுதியில் காதை ஒட்டிக்கொண்டார். மரத்தின் வழியாகவே சத்தம் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி, ஒலி தானாக அடங்கும்வரை காத்திருந்தார். மிக மெல்லியதான 'ஜி' தந்தியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரையில் கூடுதல் நேரம் எடுத்தார். பல கிட்டார்களில் அந்த இடத்தில்தான் ஒலி சட்டென்று செத்துப்போகும். பிறகு தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நடுவில் ஏழாவது ஃபிரெட் பக்கம் தந்திக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் போதும். இடைவெளி அதிகமென்றால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும், அது இறுகிப்போயிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி வரும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று சுருதி காட்டும் ட்யூனரில் பார்த்தார். கடைசியாகத்தான் வயரைச் செருகி, குமிழ்களைத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டார்.

நீங்கள் கேட்ட தந்திக் கணக்கு: நான்கு போதும். ஐந்தாவது தந்தியின் கீழ் 'பி' சுமார் 31 ஹெர்ட்ஸ். உங்கள் பட்ஜெட்டில் வரும் சிறிய ஆம்ப்பின் ஸ்பீக்கரால் அதை ஒழுங்காக எழுப்ப முடியாது. கழுத்தும் அகலமாகும், அது உங்கள் மணிக்கட்டுக்கு மேலும் ஒரு சுமை. டி மேஜர் பாடல் வந்தால் 'ஈ' தந்தியை ஒரு சுரம் இறக்கி 'டி' ஆக்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனிகளைப் பொறுத்தவரை யமஹா, ஐபனிஸ், ஸ்கொயர், கார்ட் ஆகிய நான்கின் தொடக்க நிலை வாத்தியங்களும் நம்பி வாங்கக்கூடியவை. ஐபனிஸ் மைக்ரோ 28.6 அங்குலம்தான், ஸ்கொயர் பிராங்கோ 30. கை பெரிதாக இருந்து கழுத்தின் தடிமன்தான் உறுத்துகிறது என்றால் ஜாஸ் பேஸ் வகையைத் தொட்டுப் பாருங்கள். தலைப் பக்கம் அதன் கழுத்தின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர், ப்ரிசிஷன் வகையில் இதைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடும். எதுவானாலும் கடையில் உட்கார்ந்தும், ஸ்ட்ராப் மாட்டி நின்றும், முதல் ஃபிரெட்டிலேயே பத்து நிமிடமாவது நிதானமாக வாசியுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் வேகமாக வாசித்துக் காட்டினால் எந்தக் கழுத்தும் சுகமாகத்தான் இருக்கும்.

அதுவரை நண்பரின் கிட்டாரில், கழுத்தின் தலைப் பக்கம் உள்ள முதல் சில ஃபிரெட்டுகளில் ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று விரிக்காதீர்கள். டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ்) கலைஞர்கள் அங்கே மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஒன்றாகச் சேர்த்தே அழுத்துவார்கள், மூன்று ஃபிரெட்டுக்குள் கை நின்றுவிடும். எனக்கு இதை முதலில் சொன்னவர் சித்தப்பாதான்.

அவரைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, மன்னிக்கவும். வாரத்துக்கு நான்கு கச்சேரி வாசித்த மனிதர் அவர். முதலில் பேஸுக்குப் பதில் கீபோர்டுக்காரரின் இடது கை போதும் என்றார்கள். பிறகு மைனஸ் ஒன் டிராக் (பாடகர் குரல் இல்லாமல் முன்பே பதிவு செய்த இசை) வந்தது. இப்போது திருமண வரவேற்புகளில் இரண்டு பாடகர்களும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் கச்சேரி முடிந்தது. அவர் வாசித்த காலத்திலும் அறிவிப்பாளர் டிரம்ஸ், கீபோர்டு, தபேலா, புல்லாங்குழல் என்று பெயர் சொல்லிக் கைதட்டு வாங்கித் தருவார், பேஸ் வந்ததும் "மற்றும் குழுவினர்" ஆகிவிடும். "பேஸ் கேட்கவே கேட்காதே" என்று சொல்கிறவர்கள் போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறவர்கள். கீழ் 'ஈ' தந்தி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் வரவே வராது. நல்ல ஹெட்போனில் இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். பாடகர் பாடும் மெட்டுக்கு அடியில் இன்னொரு முழு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். ரகுமானின் பாடல்களில் நம் ஊர் பேஸ் கலைஞர் கீத் பீட்டர்ஸின் கை எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். அந்த வாத்தியத்தை எடுத்துவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். அதை வாசித்தவர்களின் பெயர் மேடையில்கூடச் சொல்லப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். 25 ஆயிரத்தையும் கிட்டாரில் போட்டுவிடாதீர்கள். கழுத்தையும் தந்தி உயரத்தையும் சரிசெய்கிற ஒரு நல்ல செட்அப்புக்கும், புதுத் தந்திக்கும், அகலமான ஸ்ட்ராப்புக்கும் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பேஸ் நான்கு கிலோ வரை இருக்கும், ஒல்லியான ஸ்ட்ராப் தோளை அறுக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள். ஐப்பசி மழையிலும் அக்னி நட்சத்திரத்திலும் கழுத்து லேசாக அசையும், வருடத்துக்கு இரண்டு முறையாவது சரிபார்க்க வேண்டும்.

ஆம்ப்பை இரண்டு பின் பிளக்கில் செருகாதீர்கள். எர்த் இல்லாத பழைய வீடுகளில் இரைச்சல் வரும், சில இடங்களில் தந்தியைத் தொட்டால் சுர்ரென்று கையில் ஏறும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்த பிறகே வாசியுங்கள். ஆம்ப் வாங்கப் பணம் போதவில்லை என்றால், கிட்டாரின் ஜாக்கிலேயே செருகுகிற சிறிய ஹெட்போன் ஆம்ப் போதும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொல்லை இல்லை. நண்பரிடம் சாதாரண கிட்டார் ஆம்ப் இருந்தால் மெதுவாக வைத்து மட்டும் வாசியுங்கள். சத்தத்தைக் கூட்டினால் அந்த ஸ்பீக்கர் கிழிந்துவிடலாம்.