சிங்கப்பூரில் ஒரே நாள், கைக்குழந்தையோடு

வணக்கம் சகோதரி. எட்டு மாதக் குழந்தை, ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பேர், கையில் ஒரே நாள். காலையில் விலங்குக் காட்சிசாலை, மாலையில் செந்தோசா தீவு முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒன்று வடக்குக் கோடி, மற்றது தெற்குக் கோடி. பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

அதற்குப் பதில் கடலோரப் பெரிய பூங்காவான கார்டன்ஸ் பை த பேயிலேயே இருந்துவிடுங்கள். பேஃபிரன்ட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். தள்ளுவண்டியை மடக்காமலே ரயிலில் ஏற்றலாம். காலையில் அங்குள்ள சிறுவர் பூங்காவில் மூத்த பிள்ளைகள் இருவரும் தண்ணீரில் ஆடட்டும். கட்டணம் கிடையாது, ஆனால் திங்கட்கிழமை மூடியிருக்கும். மாற்று உடை கட்டாயம். நாங்கள் எடுக்க மறந்து, என் மகள் அப்பாவின் பனியனைக் கவுன் மாதிரி மாட்டிக்கொண்டு மதியம் வரை சுற்றினாள்!

வெயில் ஏறியதும் அதே வளாகத்தில் இருக்கும் கிளவுட் ஃபாரஸ்ட் என்ற குளிரூட்டிய கண்ணாடி மாளிகைத் தோட்டம். 35 மீட்டர் அருவி. உள்ளே நுழைந்ததும் சாரல் முகத்தில் அடிக்கும். குளிரும், அதனால் குழந்தைக்குக் குல்லாவும் சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மூடுவார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருப்பதால் தள்ளுவண்டியோடு மேலே போய் வரலாம்.

அப்புறம், இரவு 7.45-க்கு அங்கேயே ராட்சத செயற்கை மரங்களின் ஒளி, இசைக் காட்சி, இலவசம். நம் ஊரில் அப்போது 5.15தான், அதனால் சின்னது தூங்கியிருக்காது. சத்தத்துக்கு அழுதால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.