காலையில் அறுந்து கிடக்கும் மிளகாய்க் கன்றுகள்

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீடு. பல்கனியில் 12 மிளகாய்க் கன்றுகளைப் பூச்சாடிகளில் நட்டேன். ஒரு கிழமைக்குள் 5 கன்றுகள் அடியோடு அறுந்து விழுந்துவிட்டன. இலையில் கடித்த அடையாளம் இல்லை, பகலில் தேடினால் ஒரு புழுவும் இல்லை. கடையில் தந்த மருந்தை இலைகளுக்கு அடித்தும் பயனில்லை. பக்கத்துக் கறிவேப்பிலைக் கன்றிலும் இலை குறைந்துகொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மருந்துப் போத்தலை மூடி வையுங்கள். நீங்கள் இலைக்கு அடிக்கிறீர்கள். புழுவோ மண்ணுக்குள் படுத்திருக்கிறது.

விழுந்த கன்று ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டின் அடி நூல் போல மெலிந்து, பழுப்பாகி, நசநசவென்று இருந்தால் அது நாற்றழுகல். பூஞ்சண நோய்தான், புழு இல்லை. தண்ணீரைக் குறைக்க வேண்டும். சாடியின் விளிம்பில் பளபளவென்று சளிக்கோடு தெரிந்தால் நத்தை. தண்டு பச்சையாகவே இருந்து, கத்தியால் நறுக்கியது போல அறுந்திருந்தால் வெட்டுப்புழு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுதான்.

பகலில் இது மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். இரவில் மேலே வந்து தண்டைக் கடிக்கும். அறுந்த கன்றைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு, இரண்டு மூன்று விரல்கட்டை ஆழம் மண்ணைக் கிளறுங்கள். சாம்பலும் கறுப்புமாக, எண்ணெய் பூசியது போன்ற புழு, தொட்டதும் வளையமாகச் சுருளும். கிடைக்காவிட்டால் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு டோர்ச் லைட்டோடு போய்ப் பாருங்கள். பிடித்ததைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். பெரும் படையாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். ஒரே புழு ஒரு இரவில் பல கன்றுகளை அறுக்கும். சாடிகள் ஒட்டி ஒட்டி இருந்தால் உங்கள் ஐந்தும் ஒன்றிரண்டு புழுக்களின் வேலையாகவே இருக்கலாம்.

மிச்சமுள்ள ஏழுக்கும் இன்றைக்கே வேலி போடுங்கள். யோகட் கோப்பையின் அடியை வெட்டி, கன்றைச் சுற்றிக் கவிழ்த்து, 2 அல்லது 3 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் அழுத்திவிட்டால் போதும். அதற்கு முன் உள்ளே இருக்கும் மண்ணைக் கிளறிப் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் புழுவையும் கன்றையும் ஒரே கோப்பைக்குள் அடைத்துவைத்தேன். அப்புறம் என்ன, விடிய விருந்து முடிந்திருந்தது! தண்டு தடித்து முற்றியதும் கோப்பையை எடுத்துவிடலாம்.

கன்று போன சாடிகளில் உடனே மறுபடி நட வேண்டாம். மண்ணைச் சாக்கில் கொட்டிப் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். பேரீச்சங்கொட்டை மாதிரி பழுப்பாக, வழவழப்பாக ஏதும் கிடந்தால் அது கூட்டுப்புழு, எறிந்துவிடுங்கள். சாடியில் களை இருந்தால் பிடுங்குங்கள். வெட்டுப்புழுவின் தாயான அந்துப்பூச்சி முட்டையிட விரும்பும் இடம் அது.

சரி, கறிவேப்பிலை. அது வேறு ஆள். இலையின் மேல் காக்கை எச்சம் போல ஏதாவது தெரிகிறதா? அதுதான் புழுவின் சின்ன வயது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தலைப்பக்கம் தொட்டால் செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை, கடிக்காது. சின்னக் கன்றென்றால் நான்கைந்து புழுக்களே மொட்டையடித்துவிடும், ஆகவே தினமும் காலையில் கையால் பொறுக்குங்கள். கொல்ல மனம் வராவிட்டால் பெரிய தேசி மரம் எதிலாவது விட்டுவிடலாம், அதுவும் அதற்குச் சாப்பாடுதான். சொதிக்குள் போடும் இலைக்கு மருந்து அடிக்காதீர்கள். மிளகாய்க்கு அடித்தது அதன் மேலும் பட்டிருந்தால், லேபிளில் போட்டிருக்கும் நாட்கள் கழியும்வரை அந்த இலையைப் பறிக்க வேண்டாம்.